கணவாயும் மீயும்: சீனக் கடையில் கேட்டு வாங்க வேண்டியவை

சிங்கப்பூரின் உணவங்காடி நிலையங்களிலும் காப்பிக்கடைகளிலும் உள்ள சீனக் கடைகளில் கணவாய், மீ (நூடுல்ஸ்) வகைகள் வாங்குவது பற்றி வந்த கேள்விகள் இவை. விலைகள் சிங்கப்பூர் வெள்ளியில் (டாலரில்). கடைக்குக் கடை ஒன்றிரண்டு வெள்ளி கூடக் குறைய இருக்கும்.

கேள்வி: பலகையில் ஓரிடத்தில் ‘கட்டில்ஃபிஷ்’, இன்னோரிடத்தில் ‘ஸ்குவிட்’, மலாயில் ‘சோத்தோங்’ என்று எழுதியிருக்கிறது. கங்கோங் கீரையோடு வரும் கட்டில்ஃபிஷ் கங்கோங் கேட்டேன். வெள்ளைக் கணவாய் வரும் என்று பார்த்தால், தேன் நிறத்தில் வழவழவென்று ஏதோ வந்தது. மாற்றிக் கொடுத்துவிட்டார்களா?

மாற்றவில்லை. அந்தத் தட்டுக்கு உரிய பொருள்தான் வந்திருக்கிறது. குழப்பம் பெயரில் இருக்கிறது.

நம் மீன் சந்தையில் இரண்டு கணவாயைப் பிரித்தே சொல்வார்கள். முதுகுக்குள் வெள்ளை ஓடு இருப்பது ஓட்டுக் கணவாய், ஆங்கிலத்தில் கட்டில்ஃபிஷ். நீளமாக, உள்ளே கண்ணாடிச் சீவல்போல் ஓர் ஊசி இருப்பது ஊசிக் கணவாய், ஆங்கிலத்தில் ஸ்குவிட், சென்னைப் பக்கம் கடம்பா என்பார்கள். மலாய்க்காரர் இரண்டையும் சோத்தோங் என்று முடித்துக்கொள்வார். ஹொக்கியன் என்ற சீனப் பேச்சுமொழி பேசும் கடைக்காரருக்குக் காயவைத்த ஊசிக் கணவாய் ‘ஜியூ ஹூ’. அதை ஆங்கிலப் பலகையில் எழுதும்போது ‘கட்டில்ஃபிஷ்’ ஆகிவிட்டது. ஆக, கட்டில்ஃபிஷ் என்று எழுதிய இடத்தில் பெரும்பாலும் கிடைப்பது ஊசிக் கணவாய்தான், அதுவும் காய்ந்ததை ஊறவைத்தது.

கேட்க வேண்டியது எந்தக் கணவாய் என்பதல்ல, எந்த நிலையில் உள்ள கணவாய் என்பதே. பச்சையாக வாங்கிச் சுத்தம் செய்தது வெள்ளையாக இருக்கும். சம்பால் (மிளகாய் விழுது) சோத்தோங், ஹொக்கியன் மீ, மாவில் தோய்த்துப் பொரித்த வளையங்கள் எல்லாம் இதில்தான். காயவைத்துக் காரத் தண்ணீரில் (மிளகாய்க் காரமல்ல, சோடா போன்ற காரம்) ஊறவைத்தது தேன் நிறத்தில் கொழகொழப்பாக இருக்கும். கங்கோங் தட்டிலும் சாத்தே பீ ஹூனிலும் இதுதான் போடுவார்கள். காய்ந்ததை ஊறவைக்காமல் தணலில் வாட்டி நசுக்கித் தருவது மூன்றாவது. காய், பழக் கலவையான ரோஜாக் விற்கும் சில கடைகளில் கிடைக்கும். அரைத்து உருட்டிய கணவாய் உருண்டை நான்காவது. அதில் மீனும் மாவும் எவ்வளவு என்பது கடைக்காரருக்கே பல நேரம் தெரியாது, உருண்டை தொழிற்சாலையிலிருந்து வருவது.

பச்சைக் கணவாய்தான் வேண்டுமென்றால் ‘ஃபிரெஷ் சோத்தோங்’ என்று கேளுங்கள். கட்டில்ஃபிஷ் என்று கேட்காதீர்கள்.

கேள்வி: கங்கோங் தட்டில் சில நாள் சவர்க்கார வாடை அடிக்கிறது. கெட்டுப்போனதா? சாப்பிடலாமா? 7 வெள்ளி கொடுத்ததைத் தூக்கிப்போடவும் மனமில்லை.

கெட்டதல்ல, அலசல் போதாதது. காய்ந்த கணவாயைப் பச்சைத் தண்ணீரில் இரவு முழுக்கப் போட்டாலும் அது செருப்புத் தோல்போலத்தான் இருக்கும். அதனால் சோடியம் கார்பனேட்டோ பொட்டாசியம் கார்பனேட்டோ கரைத்த காரத் தண்ணீரில் சில மணி நேரம் வைப்பார்கள். காரம் ஏறியதும் சதையின் புரத இழைகள் ஒன்றையொன்று தள்ளி விலகும், நடுவில் தண்ணீர் புகும், துண்டு பருத்து ஜெல்லிபோல் ஆகும். பிறகு ஓடும் தண்ணீரில் நெடுநேரம் அலசினால்தான் காரம் வெளியேறும். அவசரத்தில் அலசலைக் குறைத்தால் நீங்கள் சொல்லும் வாடையும் நாக்கில் ஒரு வழுக்கலும் தங்கும். மஞ்சள் மீயிலும் இதே காரம் உண்டு. மாவில் உள்ள நிறமிகள் காரத்தில் மஞ்சளாவதால்தான் முட்டை சேர்க்காத மீகூட மஞ்சளாக இருக்கிறது.

லேசான வாடை என்றால் கலமான்சி என்று இங்கே சொல்லும் சின்ன எலுமிச்சையைப் பிழிந்தால் பெரும்பாலும் அடங்கும். புளிப்பு காரத்தை முறிக்கிறது. நாக்கு கூசும் அளவுக்கு இருந்தால் சாப்பிட வேண்டாம், தட்டோடு திருப்பிக் காட்டுங்கள். இரண்டு வாய் சாப்பிட்டதுமே காட்டினால் மாற்றித் தருவார்கள். தட்டு காலியான பிறகு யாரும் மாற்றித் தருவதில்லை.

நல்ல கடையை வரிசையில் நிற்கும்போதே கண்டுபிடிக்கலாம். முன்தட்டில் கணவாய் முழு மடலாகக் கிடக்க வேண்டும். ஆர்டர் வந்த பிறகு கத்தரிக்கோலால் விரலகலத்துக்கு வெட்ட வேண்டும். முன்பே வெட்டிக் குவித்தால் ஓரங்கள் காய்ந்து சுருளும். கொதிக்கும் அண்டாவில் கம்பிக் கரண்டியை இறக்கி முதலில் கங்கோங்கை அரை நிமிடம்போல வாட்டுவார், கணவாயைக் கடைசிப் பத்துப் பதினைந்து விநாடிக்குத்தான் சேர்ப்பார். அது ஏற்கெனவே மெத்தென்று ஆனது, வேகவைக்க ஒன்றுமில்லை, சூடேற்றினால் போதும். கூடுதல் நேரம் கிடந்தால் உள்ளே ஏறிய தண்ணீரெல்லாம் வெளியேறி, தட்டில் பாதியாகச் சுருங்கிவிடும். அடுத்தது உதறல். மணிக்கட்டைச் சுண்டி மூன்று நான்கு முறை உதறாத கைக்காரரிடம் வாங்கினால், மேலே ஊற்றும் இனிப்புக் குழம்பு ஐந்து நிமிடத்தில் தண்ணியாகிக் கீழே தேங்கும். கடைசியில் எள், இடித்த வேர்க்கடலை.

அந்தக் கறுப்புக் குழம்பு வெறும் இனிப்புச் சாறு அல்ல. சோயா அடிப்படையிலான இனிப்புக் கூழோடு மிளகாய் விழுது சேரும். சில கடைகளில் ரோஜாக்குக்குப் போடும் கறுப்பு இறால் விழுதும் சேரும். கங்கோங் என்பது நம் வள்ளைக்கீரைதான், இலங்கையில் கங்குன். தண்டு குழல்போல் இருப்பதால் குழம்பு உள்ளே ஏறி நிற்கும். தண்டை ஒதுக்கிவிட்டு இலையை மட்டும் தின்றால் இந்தத் தட்டில் பாதி ருசி போச்சு.

கேள்வி: சாத்தே பீ ஹூன் வாங்கலாமா? பன்றி இறைச்சி சாப்பிட மாட்டோம்.

வாங்கும்முன் உள்ளே இருப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். அடியில் அரிசிச் சேமியா, அதன்மேல் கங்கோங், ஊறிய கணவாய், பொரித்த தோஃபு, பன்றி இறைச்சித் துண்டுகள், சில கடைகளில் ஈரல், ‘ஹம்’ எனப்படும் சிப்பி. எல்லாவற்றையும் மூடி வேர்க்கடலைக் குழம்பு. ‘நோ போர்க்’ என்றால் துண்டுகளை எடுத்துவிடுவார்கள். ஆனால் எல்லாம் வாட்டும் அண்டா ஒன்றே, கரண்டியும் ஒன்றே. குழம்பிலேயே பன்றி எலும்புச் சாறு இருக்கவும் கூடும். கொள்கைப்படி தவிர்ப்பவர்களுக்கு இந்தத் தட்டு ஒத்துவராது. துண்டு கண்ணில் படாவிட்டால் போதும் என்பவர்களுக்குச் சரி.

சிப்பியை வேண்டாம் என்று சொல்ல ‘மை ஹம்’ என்றால் போதும். இதை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறோம். ரத்தம் போலச் சிவந்த சாறு நிற்கும்படி அரைகுறையாக வாட்டுவதுதான் இங்கே வழக்கம். சரியாக வேகாத சிப்பி வழியே ஹெபடைடிஸ் ஏ பரவும். கர்ப்பிணிகளும் கல்லீரல் நோய் உள்ளவர்களும் தொடவே வேண்டாம்.

இன்னொன்று, குழம்பு ஆற ஆற இறுகும். சேமியா அதை உறிஞ்சும். பத்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தால் கட்டியாகிவிடும்.

கேள்வி: மீ கடையில் வரிசை நகர்ந்து என் முறை வந்ததும் ‘வாட் நூடுல்?’ என்று கேட்டார்கள். திகைத்து நின்றேன். என்னென்ன இருக்கின்றன?

‘மீ’ என்றால் உருண்டையான தடித்த மஞ்சள் மீ. ‘மீ கியா’ மெல்லியது, ‘மீ போக்’ தட்டையான நாடா. இவை கோதுமை. ‘பீ ஹூன்’ மெல்லிய அரிசிச் சேமியா, ‘குவே தியோ’ அகலமான அரிசி நாடா, ‘தாங் ஹூன்’ பாசிப்பயற்று மாவில் செய்த கண்ணாடி இழை. கோதுமை ஒத்துக்கொள்ளாதவர் அரிசி வகையைக் கேட்டாலும் சோயா சாஸில் கோதுமை இருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

அடுத்த கேள்வி உலர்ந்ததா சாறா என்பது. உலர்ந்தது ‘தா’, சாறு ‘தங்’. ஆங்கிலத்தில் ‘டிரை’, ‘சூப்’ என்றாலே புரியும். உலர்ந்தது என்றாலும் கிண்ணத்தின் அடியில் மிளகாய் விழுது, காடி, எண்ணெய் எல்லாம் இருக்கும், சாறு தனிக் கிண்ணத்தில் வரும். மூன்றாவது கேள்வி மிளகாய். வேண்டாம் என்றால் ‘மை ஹியாம்’. பிள்ளைகளுக்கு வாங்குகிறவர்கள் இதை முதலிலேயே சொல்ல வேண்டும். மிளகாய் கிண்ணத்தின் அடியில் முதலில் விழுவது, மீ விழுந்த பிறகு எடுக்க முடியாது.

கடைக்காரர் முகத்தைச் சுளித்தால் கோபம் என்று எண்ண வேண்டாம். ஒரு வாக்கியத்தில் ‘மீ போக், டிரை, லிட்டில் சில்லி, ஹேவிங் ஹியர்’ என்று முடித்துவிட்டால் அவருக்கும் நிம்மதி.

கேள்வி: கோலாலம்பூரில் சாப்பிட்ட ஹொக்கியன் மீயை நினைத்து இங்கே கேட்டேன். முற்றிலும் வேறு ஏதோ வந்தது. ஏமாற்று வேலையா?

ஒரே பெயர், மூன்று ஊரில் மூன்று சாப்பாடு. கோலாலம்பூரில் தடித்த மீயைக் கறுப்பு சோயாவில் வறட்டி எடுப்பது. பினாங்கில் காரமான இறால் சாற்று மீ. அதை இங்கே வாங்க ‘பிரான் மீ’ என்று கேட்க வேண்டும். சிங்கப்பூரில் மஞ்சள் மீயும் பீ ஹூனும் கலந்து, இறாலும் பன்றி எலும்பும் கொதித்த சாற்றை ஊற்றி வற்றவைப்பது. வெளிர் நிறம், மேலே கணவாய் வளையம், இறால், ஓரத்தில் சம்பால், கலமான்சி.

சார் குவே தியோவும் இப்படித்தான். இங்கே இனிப்புக் கறுப்பு சாஸ், மஞ்சள் மீயும் கலந்திருக்கும். பினாங்கில் இனிப்பில்லை, அரிசி நாடா மட்டும்.

ஹொக்கியன் மீயில் கணவாய் எப்படி இருக்கிறது என்பதை வைத்தே சமையல்காரரை எடைபோடலாம். கெட்டிக்காரர் வளையங்களைத் தனியே வேகவைத்து எடுத்துவைத்து, மீ சாற்றை இழுத்த பிறகு கடைசியில் சேர்ப்பார். எல்லாவற்றையும் முதலிலேயே போட்டு மூடி வைப்பவரிடம் வளையம் ரப்பர் வார்போல் வரும். ஒரே தடவையில் ஆறு ஏழு தட்டுக்குச் சேர்த்துச் செய்வதால் காத்திருப்பு அதிகம். ஆனால் உங்களுக்கு முன்னால் நிற்பவரோடு ஒரு சட்டி முடிகிறது என்றால் காத்திருங்கள், உங்களுக்கு வருவது புதுச் சட்டி.

கேள்வி: கணவாய் மீ என்றுதானே வாங்குகிறோம். அதில் பன்றிக் கொழுப்பு இருக்குமா? மாட்டிறைச்சி?

இருக்கும் என்று வைத்துக்கொண்டே கேளுங்கள். சார் குவே தியோ, ஹொக்கியன் மீ, உலர் மீ போக் மூன்றிலும் பன்றிக் கொழுப்பு பழைய வழக்கம். வாசனையே அதில்தான் என்று சொல்லும் கடைக்காரர்கள் உண்டு. பொன்னிறமாக, சின்னச் சதுரமாக, மொறுமொறுவென்று மேலே தூவியிருப்பது வெங்காயமோ அப்பளத் துணுக்கோ அல்ல, பொரித்த கொழுப்பு. ‘நோ லார்ட்’ என்று சொன்னால் அந்தத் துணுக்கையும் மேலே ஊற்றும் கரண்டி எண்ணெயையும் விடுவார்கள். சாற்றில் கொதித்த எலும்பை விட முடியாது. மீன் உருண்டை மீ என்ற பெயரைப் பார்த்து மீன் மட்டும்தான் என்று நம்பிவிட வேண்டாம், அரைத்த பன்றி இறைச்சி மேலே வரும் கடைகள் ஏராளம்.

மாட்டிறைச்சி வேறு கதை. பெரும்பாலான சீன மீ கடைகளில் அது கிடையாது. தனியே மாட்டிறைச்சி மீ கடைகளும், சி சார் கடைகளில் மாட்டிறைச்சி ஹோர் ஃபன் (அகலமான அரிசி நாடா) போன்ற தட்டுகளும் உண்டு. சி சார் என்றால் ஆர்டர் கொடுத்துச் சமைத்து வாங்கும் குடும்பச் சாப்பாட்டுக் கடை. அங்கே ஒரே வாணலியில் எல்லாம் நடக்கும்.

ஹலால் தேடுபவர்கள் சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றமான முயிஸ் வழங்கிய சான்றிதழ் கடையில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ‘நோ போர்க் நோ லார்ட்’ என்ற பலகை கடைக்காரரின் சொல் மட்டுமே, சான்றிதழ் அல்ல.

சைவர்கள் சீனச் சைவக் கடைக்கே போவது நல்லது. சாதாரணக் கடையில் ‘வெஜிடபிள் மீ’ கேட்டால் காய்கறி வரும், கூடவே சிப்பி சாஸும் இறால் விழுதுச் சம்பாலும் வரும். சீனச் சைவக் கடைகளில் கணவாய் வளையம் போலவே கொன்னியாக்குக் கிழங்கு மாவில் செய்து வைத்திருப்பார்கள். பார்த்துப் பயப்பட வேண்டாம். முட்டை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், சில கடைகளில் சேர்ப்பார்கள்.

கேள்வி: சி சார் கடையில் நான்கு பேர் சாப்பிட்டோம். பட்டியலில் போட்ட விலையைக் கூட்டினால் 42 வெள்ளிதான். பில் 50-ஐத் தாண்டியது. கேட்காத வேர்க்கடலைக்கும் ஈரத் துண்டுக்கும் காசு. இது முறையா?

இரண்டு தனி விஷயங்கள் இருக்கின்றன. முதலில் கணக்கு. பட்டியலின் அடியில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் 9 விழுக்காடு ஜிஎஸ்டியும் மேலே ஏறும். ஜிஎஸ்டி சேவைக் கட்டணத்தையும் சேர்த்த தொகைக்கே கணக்கிடப்படும். 42 வெள்ளி, சேவைக் கட்டணத்தோடு 46.20, ஜிஎஸ்டியோடு 50.36. உங்கள் பில் அந்த வகை. ஜிஎஸ்டி 2024 ஜனவரி 1 முதல் 9 விழுக்காடு.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. சேவைக் கட்டணம் வாங்காத கடை, ஜிஎஸ்டி பதிவு பெற்றிருந்தால், அதை விலைக்குள் அடக்கியே காட்ட வேண்டும். பட்டியலில் 6 வெள்ளி என்று போட்டுவிட்டு, சேவைக் கட்டணம் இல்லாமல் ஜிஎஸ்டியை மட்டும் பில்லில் ஏற்றினால் தவறு. ஆண்டு வருவாய் 10 லட்சம் வெள்ளியைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம், ஆகவே சின்னக் கடைகள் பல பதிவே பெறாதவை. பதிவில்லாத கடை ஜிஎஸ்டி வசூலிப்பது குற்றம். பில்லில் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது வேர்க்கடலை, ஊறுகாய், ஈரத் துண்டு. உட்கார்ந்ததும் கொண்டுவந்து வைப்பார்கள், தொட்டால் காசு. இது மேசையில் பரிமாறும் சீன உணவகங்களின் பழைய வழக்கம். வைத்த உடனே ‘டோன்ட் வான்ட்’ என்று திருப்பிக் கொடுங்கள். பிரிக்காத துண்டுக்கும் தொடாத கடலைக்கும் பில்லில் காசு போட்டிருந்தால் எடுக்கச் சொல்லுங்கள், எடுத்துவிடுவார்கள்.

கடல் உணவுக்கு ‘சீசனல் பிரைஸ்’ என்று போட்டிருந்தால், ஆர்டர் கொடுக்கும்முன் மூன்று கேள்வி கேளுங்கள்: விலை தட்டுக்கா, 100 கிராமுக்கா? இன்று எவ்வளவு? எங்களுக்கு வரப்போவது எத்தனை கிராம்? 100 கிராம் 8 வெள்ளி என்பது மலிவாகத் தோன்றும். 900 கிராம் வந்தால் 72. கணவாய்க்கு இது அரிது, நண்டுக்கும் மீனுக்கும்தான் பெரும்பாலும் அடி விழும்.

சொன்ன விலைக்கும் பில்லுக்கும் ஒத்துவராமல், கடையிலும் தீர்வு கிடைக்காவிட்டால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கமான கேஸிடம் போகலாம். அதற்கும் மேலே சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை எடுக்கும், இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். 12 வெள்ளிக்கு அங்கே போகச் சொல்லவில்லை. பட்டியலைப் படமெடுத்து வைத்திருந்தால் பெரும்பாலும் கடை வாசலிலேயே முடிந்துவிடும்.

கேள்வி: பொட்டலம் வாங்கிப்போனால் வீட்டில் திறக்கும்போது மீ கூழாகிறது.

சாற்றையும் மீயையும் தனித்தனியே கேளுங்கள். ‘சூப் செப்பரேட்’ போதும். மூடிய பெட்டியில் ஆவி இறங்கி மீயில் ஊறுவதால், உலர் மீயென்றாலும் மூடியை ஒரு மூலையில் திறந்து வைத்துக் கொண்டுபோங்கள். மஞ்சள் மீ தாங்கும், பீ ஹூனும் குவே தியோவும் தாங்காது. பொரித்த கணவாய் பொட்டலத்துக்கு உகந்ததே அல்ல. பெட்டிக்கு 20, 30 காசு தனியாக வாங்குவார்கள், அது ஊர் வழக்கம். வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்ததைச் சாப்பிட வேண்டாம்.

கேள்வி: பேரங்காடியில் கணவாய் நொறுக்குத் தீனிப் பொட்டலங்கள் 1 வெள்ளியிலிருந்து 8 வெள்ளி வரை இருக்கின்றன. என்ன வித்தியாசம்?

பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படியுங்கள், முன்பக்கப் படத்தை அல்ல. சேர்மானங்கள் எடை அதிகமானதிலிருந்து குறைவானதுக்கு வரிசையாக எழுதப்பட்டிருக்கும். முதல் சொல் கணவாயாக இருந்தால் அது கணவாய்த் துண்டு. முதல் சொல் கோதுமை மாவோ மரவள்ளி மாவோ ஆக இருந்து, கணவாய் கடைசிப் பக்கத்தில் தூளாக வந்தால் அது அப்பளம். மீன் கூழ் முதலில் வந்தால் மீனைத் தகடாக்கிக் கணவாய் வாசனை ஏற்றியது. ‘ஃபிளேவர்’ என்ற சொல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

நிஜத் துண்டைக் கிழித்துப் பார்த்தால் தெரியும். கணவாய்ச் சதையின் நார்கள் உடலைச் சுற்றி ஓடுவதால் அது குறுக்காகத்தான் நூல் நூலாகப் பிரியும், ஓரம் பஞ்சுபோல் நிற்கும். மீன் தகடு எந்தப் பக்கம் இழுத்தாலும் ஒரே மாதிரி கிழியும். விலையை 100 கிராமுக்குக் கணக்கிடுங்கள். ஊதிய பையில் 25 கிராம் இருப்பது சாதாரணம். வாட்டிய கணவாயில் சர்க்கரையும் உப்பும் தாராளம் என்பதையும் அந்தப் பின்பக்கமே சொல்லும்.

கேள்வி: கடை ருசிக்கு ஆசைப்பட்டு உறைந்த கணவாய் வாங்கி மீயில் போட்டேன். தண்ணீர் விட்டுச் சுருங்கி ரப்பராகிவிட்டது.

பாதி தவறு பொட்டலத்தில், பாதி அடுப்பில்.

உறைந்த கணவாயின் மேல் காயாமலிருக்கப் பனிப்பூச்சு கொடுப்பார்கள். அளவோடு இருந்தால் நல்லது. ஆனால் 1 கிலோ என்று வாங்கி, உருகவிட்டு வடித்து நிறுத்தால் 750 கிராம் இருந்தால், கால் கிலோ தண்ணீருக்குக் காசு கொடுத்திருக்கிறீர்கள். ‘நெட் டிரெயின்ட் வெயிட்’ என்று எழுதியதை வைத்துத்தான் விலையை ஒப்பிட வேண்டும். சேர்மானத்தில் 451, 452 என்ற எண்கள் இருந்தால் பாஸ்பேட் சேர்த்தது. சதைக்குள் தண்ணீரைப் பிடித்து வைக்கும், பளபளவென்று பருத்துத் தெரியும், சட்டியில் விழுந்ததும் சுருங்கும்.

அடுப்பில், கணவாய்க்கு நடுவழி கிடையாது. ஒன்றிரண்டு நிமிடத்தில் எடுக்க வேண்டும், அல்லது 40 நிமிடமாவது குழம்பில் கிடக்க வேண்டும். இடைப்பட்ட நேரத்தில்தான் ரப்பர். மீக்கு முதல் வழி. ஓட்டையும் மைப்பையையும் எடுத்து, தோலை உரித்து, உட்பக்கத்தில் சாய்வாகக் குறுக்கும் நெடுக்குமாக 5 மில்லிமீட்டர் இடைவெளியில் கீறுங்கள். வெளிப்பக்கம் கீறினால் சுருள் அழகாக வராது. கடை மெதுமெதுப்பு வேண்டுமென்றால் அரைக் கிலோவுக்கு அரைத் தேக்கரண்டி சமையல் சோடா பிசறி 20 நிமிடம் வைத்து, மூன்று தண்ணீரில் அலசுங்கள். கொதிநீரில் அரை நிமிடம் வாட்டி, வடித்து, துணியில் ஒற்றி எடுத்து வையுங்கள். வாணலி புகையத் தொடங்கியதும் மீயை வதக்கி முடித்து, அடுப்பை அணைக்க ஒரு நிமிடம் இருக்கும்போது கணவாயைச் சேருங்கள். வீட்டு அடுப்பின் தீ கடை உலைத் தீக்குக் கிட்டவே வராது. ஆகவே இரண்டு பேருக்கு மேல் ஒரே தடவையில் வதக்கினால் மீ வேகும், வதங்காது.

கேள்வி: ஹாங்காங் போகிறோம். கடைக் கண்ணாடிக்குள் செக்கச்செவேல் ஆரஞ்சு நிறக் கணவாய் தொங்குவதைப் படத்தில் பார்த்தோம். காரமா?

காரமே இல்லை. முழுக் கணவாயை மசாலாச் சாற்றில் வேகவைத்தது, நிறம் உணவுச் சாயம். துண்டு போட்டு, ஆறியபடியே தருவார்கள். தெருவோரக் கடைகளில் குச்சியில் குத்தி இனிப்பு சாஸும் கடுகு சாஸும் ஊற்றித் தருவதும் உண்டு. கடுகுதான் மூக்கில் ஏறும். பக்கத்துக் குச்சியில் இருப்பது பன்றிக் குடலாக இருக்கலாம், வாட்டும் தண்ணீர் ஒன்றே.

மீக்கு அங்கே வண்டி மீ கடைகளைத் தேடுங்கள். கையில் ஒரு சீட்டைத் தருவார்கள். மீ வகை ஒன்று, மேலே போட இரண்டு மூன்று பொருள்கள் என்று குறியிட்டுக் கொடுக்க வேண்டும். கணவாய் உருண்டை, முள்ளங்கி, கறி மீன் உருண்டை நல்ல சேர்க்கை. மாட்டிறைச்சி தவிர்ப்பவர்கள் சாற்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும், மாட்டு மார்க்கண்டச் சாற்றை மேலே ஊற்றுவது வழக்கம். ஹாங்காங்கில் விற்பனை வரி கிடையாது. மேசையில் பரிமாறும் உணவகங்களில் 10 விழுக்காடு சேவைக் கட்டணம் உண்டு, சின்ன மீ கடைகளில் பெரும்பாலும் அதுவும் இல்லை. ரொக்கமோ, பணம் நிரப்பிப் பயன்படுத்தும் ஆக்டோபஸ் அட்டையோ வைத்திருங்கள். கணவாய் வாங்க ஆக்டோபஸ் நீட்டுவது பொருத்தம்தான்.

கேள்வி: இறால் ஒவ்வாமை உள்ளவர் கணவாய் சாப்பிடலாமா?

மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். இறாலிலும் கணவாயிலும் டிரோபோமையோசின் என்ற ஒரே வகைப் புரதம் இருக்கிறது, வேகவைத்தாலும் அழியாது. சிலருக்கு ஒன்று மட்டும் ஒத்துக்கொள்ளாது, சிலருக்கு இரண்டும். மருத்துவர் சரி என்றாலும் மீ கடையில் சிக்கல் தீராது. ஹொக்கியன் மீயின் சாறே இறால், சம்பாலில் இறால் விழுது. வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் கங்கோங் தட்டுக்கு ‘நோ பீநட்’ என்று சொல்வதோடு நிற்காமல், குழம்பில் அரைத்த கடலை இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும்.

கேள்வி: மேசையில் யாருமில்லை, ஒரு கைக்குட்டைத் தாள் பொட்டலம் மட்டும் கிடந்தது. எடுத்துத் துடைத்துக்கொண்டோம். ஒருவர் வந்து முறைத்தார்.

அவர் இடம் பிடித்து வைத்திருந்தார். சிங்கப்பூரில் தாள் பொட்டலம், குடை, பணியிட அட்டை எது கிடந்தாலும் அந்த இருக்கைக்கு ஆள் உண்டு என்று பொருள். சட்டமில்லை, வழக்கம். சாப்பிட்டு முடித்ததும் தட்டைத் திருப்பி வைக்கும் இடத்தில் வைப்பதுதான் சட்டம், உணவங்காடி நிலையங்களில் 2021 செப்டம்பர் 1 முதல். ஹலால் தட்டுகளுக்கு வேறு அடுக்கு இருக்கும். பன்றி இறைச்சி மீ சாப்பிட்ட கிண்ணத்தை அதில் வைத்துவிடாதீர்கள்.

பணம் கொடுப்பதற்கு ரொக்கம் அல்லது பேநவ் என்ற கைபேசிப் பணப் பரிமாற்றம். வெளிநாட்டுக் கடன் அட்டையைப் பல மீ கடைகள் வாங்குவதில்லை, 50 வெள்ளித் தாளை நீட்டினால் சில்லறைக்கு முனகுவார்கள். 2, 5, 10 வெள்ளித் தாள்களாக வைத்துக்கொண்டு வரிசையில் நில்லுங்கள்.